மரமும் மனையும்: மன்னார்க் கரையிற் பதப்படுத்திய மரத்தின் ஆயுள்

மன்னார்த் தீவின் தென்கரையிலே முப்பது காற்றாலைகள் நிரைநிரையாக நிற்கின்றன. 2020 ஆம் ஆண்டு திசெம்பர்த் திங்களில் திறந்துவைக்கப்பெற்ற தம்பபவனி மின்னிலையம் ஏறத்தாழ 100 மெகாவாற்று ஆற்றலுடையது. கடற்காற்றைப் பிடித்து மின்சாரமாக்கும் இப்பெருமுயற்சியைக் கண்டு மகிழாதார் இலர். ஆயினும் அக்காற்றாலைகளின் நிழலுக்கு அண்மையிலுள்ள பல வீடுகள் தகரத்தாலோ கல்நார்ச் சீமெந்துத் தகட்டாலோ வேயப்பெற்று, நண்பகலில் அடுப்பென வெதும்புகின்றன. அவ்வெப்பத்தைத் தணிக்க மின்விசிறி இரவும் பகலும் சுழல்கின்றது. ஆற்றலை ஆக்குவது ஒரு பணி. ஆக்கியதை வீணாக்காது காப்பது மற்றொரு பணி. பின்னையதற்கு உதவும் கட்டடப் பொருள்களுள் மரம் முதன்மையானது. ஆனால் மரம் அழியும் பொருள். மன்னார்க் கரையிலோ விரைந்து அழியும் பொருள். எனவே மரத்தின் ஆயுளை நீட்டும் வழிகளை நம் மாணவரும், கட்டடத் தொழிலில் ஈடுபட்டிருக்கும் பழைய மாணவரும் அறிந்திருத்தல் நன்றெனக் கருதி, அவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய முற்படுகின்றோம்.

மரம் சேமிக்கும் ஆற்றல்

மரத்தின் சேமிப்பு இருவகைப்படும். முதலாவது, வெப்பத்தைத் தடுப்பதால் வருவது. உலர்ந்த மரத்தின் வெப்பக் கடத்துதிறன், மீற்றர் கெல்வின் அலகுக்கு ஏறத்தாழ 0.13 வாற்று. கொங்கிறீற்றுக்கு இது ஏறத்தாழ 1.5, உருக்குக்கு 50, அலுமினியத்துக்கு 200க்கும் மேல். இவ்வெண்களைக் கொண்டு மாணவர் தாமே ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். 2.5 சதமமீற்றர் தடிப்புள்ள பலகை தடுக்கும் வெப்பத்தைக் கொங்கிறீற்றினால் தடுக்க வேண்டின், அக்கொங்கிறீற்று ஏறத்தாழ 29 சதமமீற்றர், அதாவது ஓரடிக்குச் சற்றுக் குறைந்த தடிப்புடையதாதல் வேண்டும். கூரைத் தகரமோ வெப்பத்தைத் தடுப்பதேயில்லை என்று கூறலாம். தகரக் கூரையின் கீழே ஓரங்குலப் பலகையாலான உட்கூரை அமைத்தவர், அதன் பயனை முதல் நண்பகலிலேயே உணர்வர்.

இரண்டாவது, ஆக்கத்திற் செலவாகும் ஆற்றலைப் பற்றியது. ஒரு கிலோகிராம் உருக்கைத் தாதுவிலிருந்து எடுக்க ஏறத்தாழ 20 மெகாயூல் ஆற்றல் செலவாகும். சீமெந்துக்கு 5 மெகாயூல் அளவு செலவாகும். அலுமினியத்துக்கோ 150க்கும் மேற்படும். மரத்தை ஆக்குவது ஞாயிற்றொளி. நாம் செலவிடுவது அறுத்தல், உலர்த்தல், ஏற்றியிறக்கல் ஆகியவற்றுக்கே. அன்றியும் உலர்ந்த மரத்தின் நிறையிற் பாதி காபன். மரம் காற்றிலிருந்து எடுத்த அக்காபன், கூரையிற் கைமரம் நிற்குமளவும் அங்கேயே அடைபட்டிருக்கும். கைமரம் உக்கினாலோ கறையானுக்கு இரையானாலோ அது மீண்டும் காற்றிற் கலக்கும்.

இவ்விருவகைச் சேமிப்பும் மரத்தின் ஆயுளையே சார்ந்தன என்பதை ஈண்டுக் கவனித்தல் வேண்டும். பத்தாண்டிற் கூரை வீழ்ந்தால், நாற்பதாண்டில் நான்கு கூரைக்கு மரம் வெட்டவும் அறுக்கவும் ஏற்றிவரவும் வேண்டும். மேலும், நனைந்த மரம் உலர்ந்த மரத்தினும் மிகுதியாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே ஈரம் புகாது காத்தலால் ஆயுளும் வெப்பத் தடையும் ஒருங்கே பேணப்படும்.

பனை முற்றி வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். உள்நாட்டுப் போர்க்காலத்திலே பதுங்குகுழிகளுக்கென வட பகுதியில் எண்ணிறந்த பனைகள் தறிக்கப்பட்டன. 2009 ஆம் ஆண்டின் பின் மீளக் குடியேறிய மக்கள் வீடமைக்க முனைந்தபோது மரத்தின் தேவை பெருகிற்று. இந்நிலையில் ஓர் எளிய அறத்தை நாம் மேற்கொள்ளலாம்: ஒரு மரம் வளர எடுத்த காலத்துக்குக் குறையாமல் அம்மரத்தாலான கூரை நிற்றல் வேண்டும். அதற்குமுன் வீழும் கூரை, தோப்புக்கு நாம் தீர்க்காத கடனாகும்.

மரத்தின் பகைவர்

போர்த்துக்கேயர் 1560 இல் அமைத்து, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மன்னார்க் கோட்டையைக் கண்டவர்கள், அதன் மதில்கள் இன்றும் நிற்பதையும் உள்ளேயுள்ள கட்டடங்கள் கூரையின்றிக் கிடப்பதையும் கண்டிருப்பர். பேணுவாரற்ற கட்டடத்திலே முதலில் வீழ்வது மரமே. அதனை வீழ்த்துவோர் யாவர்?

முதற்பகை பங்கசு. மரத்தை உக்கச்செய்யும் பங்கசுக்கு ஈரமும் காற்றும் இளஞ்சூடும் வேண்டும். மரத்தின் ஈரம் உலர்நிறையில் 20 நூற்றுவீதத்துக்குக் கீழ் இருக்குமாயின் பங்கசு வளராது. 28 முதல் 30 வீதத்தைத் தாண்டினால் செழித்து வளரும். மன்னாரின் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலே பெய்வது. எஞ்சிய காலத்தில் சோளகமும் வெயிலும் மரத்தை உலர்த்தும. இஃது ஒருவகையில் நன்மையே. ஆயினும் ஆண்டுதோறும் நனைந்து பொருமியும் உலர்ந்து சுருங்கியும் வரும் மரத்திலே வெடிப்புகள் தோன்றும். அவற்றின் வழியே நீர் உட்புகும்.

இரண்டாம் பகை கறையான். நிலத்தில் வாழும் கறையான் ஈரமான மண்ணிலிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டு சுவர்வழியே ஏறிக் கூரையை அடையும். உலர்மரக் கறையானோ மண்ணை நாடாது. மரத்துக்குள்ளேயே குடியிருந்து, கசகசா விதை போன்ற சிறு மணிகளை வெளியே தள்ளும். இம்மணிகளை நிலத்திற் கண்டால் மேலே நோக்குக. அங்குள்ள சலாகை உட்கோறையாகியிருக்கும்.

மூன்றாம் பகை உளுவண்டு. மரத்தின் வெளிப்புற வெண்பகுதியிலுள்ள மாப்பொருளே இதன் உணவு. கைதொட்டால் மாவாக உதிரும் மரம் இதன் கைவண்ணம்.

நான்காம் பகை கடல்நீரிலே நிற்கும் மரங்களுக்கு உரியது. மரத்தைத் துளைக்கும் கடற்புழு உண்மையில் புழுவன்று, சிப்பியினத்தைச் சேர்ந்தது. ஒல்லாந்து நாட்டின் கடலணைகளைத் தாங்கிய மரங்களை 1730 ஆம் ஆண்டை அடுத்து இவ்வுயிர் துளைத்தமையால், அந்நாட்டார் அவ்வணைகளைக் கல்லால் திருத்தியமைக்க நேர்ந்தது. இறங்குதுறைத் தூண்களும் வள்ளங்களின் அடிப்பலகையும் நம் கரையில் இதற்கே அஞ்சவேண்டியன.

உப்புக்காற்று மரத்துக்குப் பகையெனப் பலர் எண்ணுவர். இது முழுதும் உண்மையன்று. உப்பு பங்கசைத் தடுக்கும். பாய்க்கப்பல் கட்டியோர் கப்பலின் விலாமரங்களுக்கிடையே உப்பைக் கொட்டிவைத்த வழக்கமும் உண்டு. உப்பு மரத்தின் மேற்புறத்தைச் சிலும்பு சிலும்பாக உரிக்குமேயன்றி உள்வலிமையை எளிதிற் கெடுக்காது. அது கெடுப்பது ஆணியை. துருப்பிடித்த இரும்பு தன்னைச் சூழ்ந்த மரத்தையும் நலிவிக்கும். ஆணி தளர்ந்த கூரை அடுத்த புயலிற் பறக்கும். 1964 ஆம் ஆண்டு திசெம்பரில் தனுக்கோடியை அழித்த புயலை அறிந்த இக்கரையோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நம் மரங்களின் இயல்பு

எல்லா மரமும் ஒரு தன்மையன அல்ல. வன்னிக் காட்டின் முதிரையும் பாலையும் தம் வைரத்திலேயே காப்புப்பொருள்களை உடையன. மருந்தின்றியும் நெடுங்காலம் நிற்கும். ஆனால் அவற்றின் வெண்பகுதிக்கு அவ்வாற்றல் இல்லை. வைரத்தோடு வெண்பகுதியும் சேர்ந்த சலாகையை வைரமென்று விற்பதும் வாங்குவதும் பின்னர் வருத்தத்தையே தரும்.

பனை மற்றை மரங்களினின்றும் வேறுபட்டது. அஃது ஒருவித்திலைத் தாவரமாதலின் ஆண்டுவளையங்கள் இல்லை. கருநார்கள் செறிந்த வெளிப்புறமே வன்மையுடையது, உட்சோறு மெல்லியது. முற்றிய பனையின் அடிப்பகுதியிலிருந்து பிளந்து, சோற்றை முற்றாகச் செதுக்கிய வளையும் சலாகையும் தலைமுறை கடந்து நிற்பதை நம் முதியோர் வீடுகளிற் காணலாம். இளம்பனையோ, சோறு ஒட்டிய சலாகையோ சில ஆண்டுகளில் உளுத்துவிடும். தென்னையும் இத்தன்மையதே.

தீவிற் புகழ்பெற்ற பெருக்கமரம் பருமனிலே மற்றெல்லா மரங்களையும் வெல்லும். எனினும் அதன் தண்டு நீரைத் தேக்கும் மென்மையான பஞ்சுபோன்றது. ஒரு சலாகைக்கும் உதவாது. மரத்தின் பருமன் வேறு, வைரம் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பதப்படுத்தலின் வரலாறு

நம் முன்னோரும் மரத்தைப் பதப்படுத்தினர். வள்ளங்களுக்குச் சுறாநெய் பூசினர். மரக்குற்றிகளைக் குளத்திலும் சேற்றிலும் பல வாரம் ஊறவிட்டனர். ஊறுதலால் மாப்பொருள் கரைந்து நீங்கும். ஆகவே உளுவண்டு நாடாது. தூணின் அடியைத் தீயிற் கருக்கி நடுதலும் வழக்கமே. இவையெல்லாம் ஓரளவு பயன் தருவன. இக்காலத்தில் சிலர் இயந்திரக் கழிவெண்ணெயைத் தூணுக்குப் பூசுகின்றனர். அது மேற்றோலில் மட்டுமே நிற்கும். முதல் வெடிப்போடு காப்பு நீங்கும். அதிலுள்ள நச்சுப்பொருள்களோ மழையோடு மண்ணிற் சேரும்.

மேனாடுகளில் இருப்புப்பாதைகளும் துறைமுகங்களும் பெருகிய 19 ஆம் நூற்றாண்டிலேயே இக்கலை விஞ்ஞானமாயிற்று. 1832 இல் கயன் என்பார் இரசவுப்புக் கரைசலைப் பயன்படுத்தினார். 1838 இல் ஜோன் பெதெல், மரத்தை இரும்புக் கலத்திலிட்டு, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, நிலக்கரித் தாரிலிருந்து பெறும் கிரியோசோற்று எண்ணெயை அமுக்கத்தோடு உட்செலுத்தும் முறையைக் கண்டார். 1902 இல் ரூப்பிங் எண்ணெயைச் சிக்கனமாக்கும் வழியைக் காட்டினார்.

இவ்வரலாற்றில் நாம் பெருமையோடு நினைக்கவேண்டிய பெயர் சொந்தி காமேசன். தேராதூனிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய இவ்விந்திய அறிஞர், 1933 இல் செம்பு, குரோமியம், ஆசனிக்கு ஆகிய மூன்றின் உப்புகளும் சேர்ந்த நீர்க்கரைசலை ஆக்கினார். செம்பு பங்கசைக் கொல்லும். ஆசனிக்கு கறையானையும் வண்டையும் கொல்லும். குரோமியம் இவ்விரண்டையும் மழையிற் கரையாவண்ணம் மரத்தோடு பிணைக்கும். கறையான் மலிந்த நாட்டிலே பிறந்த இம்மருந்து பின்னர் உலகெங்கும் பரவிற்று. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே மண்ணில் நட்டுச் சோதிக்கப்பட்ட, இம்மருந்தேற்றிய முளைகள் பல, அரை நூற்றாண்டு கடந்தும் கெடாது நின்றன.

இடத்துக்கேற்ற மருந்து

மருந்தின் பெயரைக் கேட்பதோடு அமைதல் போதாது. எவ்வளவு மருந்து மரத்துள் நின்றது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். மேற்கூறிய மும்மருந்துக்கு அமெரிக்க நியமம் விதிக்கும் அளவுகள் இவை: நிலத்தைத் தொடாத மரத்துக்கு ஒரு கனமீற்றருக்கு 4 கிலோகிராம், மண்ணில் நடும் தூணுக்கு 6.4, வீட்டின் நிலையான அத்திவாரத்துக்கு 9.6, கடல்நீரில் நிற்கும் தூணுக்கு 40. கூரைக்கென மருந்தேற்றிய மரத்தைக் கடலில் நட்டால் அது பத்திலொரு பங்கு மருந்தோடு கடற்புழுவின் முன் நிற்கிறது என்பதே பொருள்.

வீட்டின் உட்கூரைக்கும் கைமரத்துக்கும் இத்துணை வன்மையான மருந்து வேண்டுவதில்லை. அவற்றுக்குப் போறன் உப்புகளே போதும். வெண்காரம் ஒன்றரைப் பங்கும் போறிக்கமிலம் ஒரு பங்கும் வெந்நீரிற் கரைத்து, புதிதாக அறுத்த ஈரமரத்தை அதில் தோய்த்தெடுத்து, நெருக்கமாக அடுக்கி, காற்றுப் புகாமல் மூடிவைத்தால், மருந்து மரத்திலுள்ள ஈரத்தின் வழியே தானே உட்பரவும். ஓரங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ நான்கு வாரம் செல்லும்; அடர்ந்த மரத்துக்கு இன்னும் கூடும். இரும்புக் கலமும் அமுக்கப் பொறியும் இன்றி ஊர்த் தச்சரும் செய்யக்கூடிய முறை இது. நம் நாட்டிலே இறப்பர் மரத்தைத் தளபாடத்துக்குத் தகுதியாக்கியதும் போறனே. ஆனால் போறன் நீரிற் கரையும். மழையில் நனையும் மரத்துக்கும் மண்ணில் நடும் தூணுக்கும் அது பயன்படாது.

ஈண்டு ஒரு நுட்பத்தை மறவாதிருத்தல் வேண்டும். பரவல் முறைக்கு மரம் ஈரமாயிருத்தல் வேண்டும். அமுக்க முறைக்கு மரம் உலர்ந்திருத்தல் வேண்டும். இதனை மாற்றிச் செய்தால் மருந்து மேலே மட்டும் நிற்கும். அவ்வாறே, மருந்தேற்றிய பின் அறுத்த முனைகளுக்கும் துளைகளுக்கும் மீண்டும் மருந்து பூசுதல் வேண்டும். முனைவழியேதான் மரம் நீரைக் குடிக்கும்.

நச்சுப்பொருள் சேராத வழிகளும் அண்மையில் வளர்ந்துள்ளன. பின்லாந்தில் மரத்தை 200 பாகை செல்சியசு அளவான வெப்பத்தில், எரியாது நீராவியிட்டுப் பதமாக்குவர். அதனால் மரம் ஈரத்தை உறிஞ்சுவது குறையும். ஆனால் வலிமையும் சற்றுக் குறையும். மண்ணில் நடவும் அது தகாது. ஒல்லாந்தில் 2007 முதல் அசற்றிக்கு நீரிலியால் மரத்தின் இயல்பையே மாற்றி விற்கின்றனர். சிறந்த முறையே, நம் மக்களின் பணப்பைக்கு இன்னும் எட்டாதது.

மருந்துக்கு முன் கட்டுமானம்

கண்டிக்கு அணித்தாயுள்ள எம்பக்கே தேவாலயத்தின் மரத்தூண்கள் கம்பளை அரசர் காலத்தன. கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுர அரண்மனையின் மரவேலையும் நூற்றாண்டுகள் கண்டது. இவற்றைக் காத்தவை அகன்ற தாழ்வாரமும், மண்ணினின்று உயர்ந்த தளமும், தடையின்றி ஓடும் காற்றுமே. கட்டுமானம் பிழைத்தால் மருந்து அப்பிழையைச் சில ஆண்டுகள் மறைக்குமேயன்றித் திருத்தாது.

எனவே மன்னார்க் கரையில் வீடமைப்போர் கடைப்பிடிக்க வேண்டியவற்றைத் தொகுத்துரைப்போம். தூணை மண்ணில் நடாது, கல்லின்மீதோ கொங்கிறீற்றுப் பாதத்தின்மீதோ நிறுத்துக. சுவரின் மேல்விளிம்புக்கும் கைமரத்துக்கும் இடையே கறையான் தடைத் தகடு இடுக. தாழ்வாரத்தை வாடைமழை படாதவாறு நீட்டுக. உட்கூரைக்கும் ஓட்டுக்கும் இடையே காற்று ஓட வழிவிடுக. ஆணிகள் நாகத்தில் தோய்த்தனவாகவோ துருவேறா உருக்காகவோ இருத்தல் வேண்டும். செம்புமருந்து ஏற்றிய மரத்துக்குச் சாதாரண இரும்பாணியும் அலுமினியமும் ஒவ்வா. ஆண்டுதோறும் ஆவணியிலோ புரட்டாசியிலோ, மழைக்குமுன், கூரையேறிப் பார்க்க. கறையானின் மண்குழாயை ஒரு கத்தியாற் சுரண்டி எறிய ஒரு நிமிடம் போதும். அதனை விட்டுவைத்தால் ஒரு கூரையே விலையாகும்.

மருந்தும் நஞ்சும்

காமேசனின் மருந்தில் ஆசனிக்கு உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. அமெரிக்காவில் 2003 ஆம் ஆண்டு இறுதியோடு வீட்டுப் பயனுக்குரிய மரத்தில் இதனை ஏற்றுவதை உற்பத்தியாளர் கைவிட்டனர். ஐரோப்பாவிலும் கட்டுப்பாடுகள் வந்தன. செம்போடு வேறு கரிமப் பொருள்கள் சேர்ந்த மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன.

நம்மூரில் மிக அஞ்சவேண்டியது மருந்தேற்றிய மரத்தின் துண்டுகள் அடுப்புக்குச் செல்வதே. தச்சன் அறுத்தெறிந்த துண்டுகளைச் சிறுவர் பொறுக்கி வருவதும், தாய்மார் அவற்றால் உலையேற்றுவதும் நாம் நாள்தோறும் காண்பன. ஆசனிக்கு ஏற்றிய மரம் எரிந்தால் புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு. அச்சாம்பலாற் பாத்திரம் துலக்குவதோ, அதனை வாழைக்கு இடுவதோ கூடாது. பச்சை நிறம் தோன்றும் எந்த மரத்துண்டும் அடுப்படிக்கு வரலாகாது என்பதை ஒவ்வொரு மாணவரும் தத்தம் வீட்டிற் கூறுவாராயின், இக்கட்டுரையின் பெரும்பயன் விளைந்ததாகும்.

தண்ணீரும் அவ்வாறே. மன்னார்த் தீவின் மணலிலே நன்னீர் ஆழமின்றிக் கிடக்கிறது. மருந்துத் தொட்டியிற் கசிவது விரைவில் கிணற்றைச் சேரும். போறன் மனிதருக்குக் குறைந்த தீங்கே விளைப்பதாயினும், தொட்டியைக் கிணற்றுக்குச் சேய்மையில், சீமெந்துத் தளத்தின்மீது, மழைபடாத கொட்டிலின் கீழ் அமைத்தலே முறை.

கல்லூரி வளவில் ஒரு சோதனை

தேராதூனில் நெடுங்காலம் நின்ற மரம் மன்னார் மணலில் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை மன்னார் மணலே கூறவல்லது. அதனை அறியப் பெரிய ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. அரைமீற்றர் நீளமும் ஒரே தடிப்பும் உள்ள முளைகளைப் பனை வைரம், தென்னை, வேம்பு, முதிரை ஆகிய நான்கு மரங்களிலிருந்தும் எடுத்து, ஒவ்வொன்றிலும் சில மருந்தின்றியும், சில சுறாநெய் பூசியும், சில போறன் தோய்த்தும், சில அமுக்க முறையில் மருந்தேற்றியும், வகைக்குப் பத்தாகக் கல்லூரி வளவில் பாதியளவு மண்ணிற் புதைத்து நடலாம். அதே எண்ணிக்கையைக் கடலோரத்திலும் நடலாம். ஒவ்வொரு முளைக்கும் எண்ணிட்ட உலோகத் தகடு கட்டி, ஆண்டுதோறும் புரட்டாசியிற் பிடுங்கிப் பார்த்து, குறைவற்றதற்குப் 10 எனவும் முற்றாக அழிந்ததற்கு 0 எனவும் புள்ளியிட்டு, மீண்டும் அவ்விடத்திலேயே நட்டு, ஏட்டிற் பதிந்து வருக. பிறநாட்டார் செய்யும் முறையும் இதுவே.

இச்சோதனைக்குப் பொறுமை வேண்டும். ஆறாம் வகுப்பில் முளை நட்ட மாணவன் உயர்தர வகுப்பை முடித்து வெளியேறும்போதுதான் சில விடைகள் கிடைக்கும்; முதிரையின் விடையை அவன் பழைய மாணவனாகத் திரும்பி வந்தே காண்பான். ஆண்டுகள் பல கண்ட ஒரு கல்லூரிக்கு இத்தகைய காத்திருத்தல் புதிதன்று. மரக்காலை நடத்தும் பழைய மாணவர் மரம் தருக. பொறியியலாளர் மருந்துக்கு வழிசெய்க. ஆசிரியர் ஏட்டைக் காக்க. முளை நடும் நாளில், வளவின் எல்லையோரமாகப் பனங்கொட்டைகளையும் ஊன்றுவோமாக. அவை வைரம் பாயும் காலத்தில், அவற்றை எவ்வாறு பதப்படுத்துவது என்ற வினாவுக்கு நம் ஏடு விடை வைத்திருக்கும்.